உள்ளே ஆள் உண்டு

கல்யாணமோ காதுகுத்தோ, எங்கள் சுரங்கத்து லைன் வீடுகளிலிருந்து யார் எதற்குப் போனாலும் கடைசியாக மண்டபத்தை விட்டுக் கிளம்புகிறவர் பக்கத்து வீட்டு அக்காதான். பந்தி முடிந்து, பாத்திரமெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு அவர் மட்டும் பின்பக்கம் போவார். சமையல்கட்டு, கை கழுவும் இடம், பாத்ரூம் என்று ஒவ்வொன்றிலும் தலையை நீட்டி, "யாருனா கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவார்.

ஒருமுறை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மண்டபத்து மேனேஜர் அவசரப்பட்டு, அக்கா பார்த்து முடிப்பதற்குள் மெயினை அணைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் பல்செட்டைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். இருட்டில் அது கை நழுவி எங்கேயோ விழுந்துவிட்டது.

"உள்ள ஆள் கீதா இல்லையான்னு பாக்காம எப்படிய்யா ஆஃப் பண்ணுவே? இன்னா மனுசன் நீ?" என்று அக்கா போட்ட சத்தத்தில், வேனில் ஏறிய மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்துவிட்டார்கள். விளக்கைப் போட்டு எல்லோரும் குனிந்து தேடினோம். பல்செட் மேனேஜரின் செருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் மிதிக்காமல் இருந்தது கடவுள் புண்ணியம். மிதித்திருந்தால் அன்றைக்கு அவருடைய பல்லும் போயிருக்கும்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பல வருடம் காலை ரயிலில் கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து போய்விட்டு, ராத்திரி திரும்பி வந்தவர். பிறகு கம்பெனியே வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அவருடைய அப்பா பாலகாட் மைனில், தங்கச் சுரங்கத்தின் சாஃப்ட் குழி வாயில் நின்று மணி அடிப்பவராக இருந்தவர். ஆட்களைச் சுமந்து கேஜ் இறங்குவதும் ஏறுவதும் அவர் கை மணியில்தான். அப்பா போய்விட்டார், மைனும் மூடிவிட்டது. ஆனால் அந்த மணி அக்காவின் வீட்டை விட்டுப் போகவில்லை.

நான் அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். இட்லி மாவு அரைத்து விற்கிறேன். வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவதைவிட நாலு படி அரிசி கழுவுவது எனக்குச் சுலபம். மாவு வாங்க வருகிறவர்களிடம்கூடப் பாத்திரத்தைக் காட்டி, தலையை ஆட்டியே வியாபாரத்தை முடித்துவிடுவேன்.

அக்காவை எனக்கு நன்றாகத் தெரியவந்ததே என் கிரைண்டரால்தான். ஒருநாள் காலை கிரைண்டரைப் போட்டேன். பழைய மோட்டார்; கிளம்பும்போது லைன் முழுக்க பல்பு மங்கிவிட்டு வரும். அடுத்த நிமிடம் அக்கா தலையில் துண்டோடு என் வாசலில் நின்றார்.

"இன்னாப்பா இது, ஆளுங்களக் கீழ வெச்சுட்டுக் கரண்ட்டப் புடுங்கிட்டியே!"

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக முற்றத்தில் ஒரு தரைத்தொட்டி உண்டு. அதைக் கழுவ யாரோ இறங்கியிருக்கிறார்கள், மோட்டார் வயரில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். மூடியைத் தூக்கிக் குப்புறப் படுத்து, "யாரு? யாரு?" என்று உள்ளே கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் லைனில் பாதிப்பேர் என் குரலை முதன்முதலாகக் கேட்டார்கள்.

அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "தொட்டில இல்லப்பா. வா, காட்றேன்."

அவர் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில், துணி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி; என் கிரைண்டரால் நின்றுபோய் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. பச்சையாக ஒரு விளக்கு. கம்பெனியில் கழித்துப்போட்டதை வாங்கி வந்தாராம். லைனில் இருக்கிறவர்களின் போட்டோ, வீடியோ, பாட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கிறது என்றார்.

"எல்லாரும் போட்டோவ எவனோ முகம் தெரியாதவன் வீட்ல வெச்சுகினு கீறாங்க. நாளைக்கு அவன் கதவ சாத்திட்டா? நம்ம சாமான் நம்ம லைன்ல இருக்கட்டும்."

"எல்லாம் ஒண்ணா கலந்துடாதாக்கா?" என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"அதுக்குத்தான் கன்டெய்னர். ஒரே பெட்டிதான். ஆனா உள்ள ஆளுக்கொரு ரூம். அவங்கவங்க சாமான், அவங்கவங்க அடுப்பு. ஒரு ரூம் தீப்புடிச்சாலும் பக்கத்து ரூமுக்குத் தெரியாது. நம்ம லைன் வீடு மாதிரி இல்ல. நீ கருவாடு வறுத்தா எனக்குத் தும்மல் வருது பாரு, அந்தக் கதையே கெடையாது."

அலமாரிக்கு மேலே ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணி. ஆணிகளில் சோடா மூடிகள் தொங்கின. ஒவ்வொரு மூடியிலும் பெயின்டால் வீட்டு நம்பர். அவர் அப்பா சொல்லிக் கேட்ட டோக்கன் முறையாம். சுரங்கத்தில் கீழே இறங்குகிறவன் டோக்கனை மாட்டிவிட்டுப் போவான். மேலே வந்தால் எடுத்துக்கொள்வான். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். ஆள் கீழே இருக்கும்போது எந்த மகாராஜா சொன்னாலும் கேஜை இழுக்கும் இன்ஜினை நிறுத்தக் கூடாது.

"எங்கப்பா ஒரு வாட்டி ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்கு வரல. பலகைல ஒரு டோக்கன் தொங்கிகினே கீது. மத்தியானம் வரைக்கும் சாஃப்ட் வாயிலயே நின்னாரு. கடைசில பாத்தா அந்த ஆள் டோக்கன எடுக்க மறந்துட்டு வீட்ல கால் நீட்டித் தூங்கறான்."

"அப்பா திட்டினாராக்கா?"

"இல்ல. வீட்டுக்கு வந்து, 'நல்லாத் தூங்கறான்'னு சொல்லிட்டு சாப்ட்டாரு."

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. கிரைண்டர் போடுவதற்கு முன் சுவரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அவர் அப்பாவின் மணிக் கணக்கில் அதற்கு, இறக்கப் போகிறேன் என்று அர்த்தம். அவரும் திருப்பி இரண்டு தட்டினால் சம்மதம். ஒரு தட்டு வந்தால், நிறுத்து. மூன்று தட்டு வந்தால், கேஜில் ஆள் ஏறியிருக்கிறது, மெதுவாக. யாரோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டு, உளுந்தை ஊறவைக்க மறந்தவன் மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பேன். பிறகு அக்கா ஒரு பெரிய இன்வெர்ட்டர் வாங்கினார். கிரைண்டர் போட்டாலும் பெட்டி அணையாது. ஆனாலும் தட்டுவதை இருவருமே நிறுத்தவில்லை. எனக்கு வாயால் பேசுவதைவிட அது சௌகரியமாக இருந்தது.

பெட்டியை வாரம் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதை அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து செய்வார். செய்வதற்கு முன் ஒரு விசிலை ஊதிக்கொண்டு லைனின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடப்பார். "எல்லாம் மேல வாங்க! மேல வாங்க! பெட்டி நிக்கப் போவுது!" போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் மூடிவிட்டு வாசலில் வந்து கையைக் காட்ட வேண்டும். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் மருமகள் வந்த புதிதில் இந்த விசிலைக் கேட்டு, கேஸ் லீக் ஆகிவிட்டது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிட்டாள். திரும்பக் கூட்டி வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது.

கடைசி வீட்டில் ஒரு டிரைவர் தாத்தா. அவர் பேத்தியின் கல்யாண வீடியோ அந்தப் பெட்டியில்தான் இருந்தது. ஞாயிறுதோறும் விசில் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் அதைத் திறப்பார்.

"தாத்தா, மேல வாங்க."

"இரும்மா, இப்பத்தான் தாலி கட்டறாங்கோ."

"போன வாரமும் கட்டினாங்களே!"

"போன வாரம் நான் அழுதுகினு இருந்தேன், சரியாப் பாக்கல."

அக்கா அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். தாலி முடிந்து, மொய் முடிந்து, பந்தியில் தாத்தாவே இரண்டாவது தடவை பாயசம் வாங்குகிற காட்சி வரைக்கும் காத்திருப்பார். பட்டென்று அணைத்துவிட்டுப் போக அவருக்கு ஒரு நிமிடம் ஆகாது. செய்யமாட்டார். தாத்தாவுக்கு அது தெரியும். வாரத்தில் ஒருநாள் தன் வாசலில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கட்டும் என்றுதான் அவர் அப்படிச் செய்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். அக்காவுக்கும் இருந்திருக்கும்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "உனக்கு இன்னாப்பா வேணும்? போட்டோ கீதா, பாட்டு கீதா?"

"ஒண்ணும் வேணாங்க்கா."

"ஒண்ணுமே இல்லியா?"

என் போனில் இருந்தது கிரைண்டர் பெல்ட்டைப் படம் எடுத்தது ஒன்று, கடைக்காரரிடம் காட்டுவதற்காக. அதையும் பெல்ட் வாங்கியதும் அழித்துவிட்டேன்.

"சரி, ரூம் போட்டுடறேன். காலியா இருக்கட்டும். லைன்ல எல்லாருக்கும் கீது, உனக்கு மட்டும் இல்லன்னா நல்லா இருக்காது."

அப்படித்தான் பலகையில் என் வீட்டு நம்பரோடும் ஒரு சோடா மூடி ஏறியது. என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். வெள்ளையாக இருந்தது. நடுவில் என் பெயர். அதற்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி. அதற்கும் கீழே, "உள்ளே ஆள் உண்டு". அவ்வளவுதான்.

"ஸ்டெல்லா பையன் துபாய்ல இருந்து போட்டோ பாக்கறான்ல, அதே மாதிரி நீயும் எங்க போனாலும் இதப் பாக்கலாம்" என்றார். நான் எங்கே போகப் போகிறேன்? ஆனால் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். காலையில் சுவரில் தட்டி, பதில் தட்டு வந்து, கிரைண்டரைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை திறந்து பார்ப்பேன். என் பெயரைப் பார்க்க ரேஷன் கார்டைத் தவிர எனக்கு வேறு இடம் இல்லை.

ஒருநாள் பக்கம் திறக்கவில்லை. ஒரு கிண்ணம் மாவை எடுத்துக்கொண்டு அக்கா வாசலில் போய் நின்றேன். மாவைக் கொடுத்தேன். நின்றேன்.

"இன்னாப்பா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

"போன்ல தெறக்கல... உள்ள ஆள் இல்ல போலக்கா."

அக்கா கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுப் பெட்டி முன் உட்கார்ந்தார். பாதிநாள் போயிற்று. நடுவில் அவருடைய தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்தார். அவர் பெரிய கம்பெனியில் இன்ஜினியர். அக்கா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"இன்னாக்கா பண்றே?"

"ஒரு கன்டெய்னர் விழுந்துடுச்சு, தூக்கறேன்."

"உள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததையா காலைல இருந்து தூக்கறே?"

"சாமான் இல்லடா. ஆள் கீது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பச்சைப் புள்ளி வந்துவிட்டது. காலையில் கொடுத்த மாவு அதற்குள் நன்றாகப் பொங்கியிருந்தது.

பிறகு கம்பெனி எல்லோரையும் ஆபீசுக்குத் திரும்ப வரச் சொல்லிவிட்டது. அக்காவுக்கு முட்டி வலி. பழையபடி தினமும் ரயிலில் நின்றுகொண்டு போய் வர முடியாது. தம்பி தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார். அக்கா பல காரணம் சொல்லிப் பார்த்தார். கடைசிக் காரணம், "ஆளுங்க கீழ கீறாங்களேடா."

"மேல வரச் சொல்லு" என்றார் தம்பி.

ஒவ்வொரு வீடாக அக்கா மேலே ஏற்றினார். அவரவர் போட்டோவையும் பாட்டையும் சின்னக் குச்சி மாதிரி ஒன்றில் போட்டுக் கையில் கொடுத்தார். கூடவே சோடா மூடியையும் கொடுத்தார். ஸ்டெல்லா அக்கா மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டிரைவர் தாத்தா, "இன்னும் பாயசம் வரல, மேல வரமாட்டேன்" என்று ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தார். அவர் பேத்தியே ஊரிலிருந்து வந்து வீடியோவை டிவியில் போட்டுக் காட்டிய பிறகு, மூடியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தம்பி வேன் கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பலகையில் தொங்கியது ஒரே ஒரு மூடி.

அக்கா அதை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். நான் கிரைண்டருக்குள் கைவிட்டு மாவு வழித்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை மாவு.

"இந்தா, புடி. உன் ரூம்ல எடுத்துக் குடுக்க ஒண்ணும் இல்ல. டோக்கன் மட்டும் எடுத்துக்கோ."

"கை மாவுக்கா."

"சரி, கழுவிட்டு வந்து எடுத்துக்கோ" என்று திரும்பிப் போய்ப் பலகையில் மாட்டினார்.

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. போகாதீங்க்கா என்று சொல்லியிருக்கலாம். முட்டிக்கு ஒரு எண்ணெய் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வழித்த மாவை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த ஈட்டுக்கு உளுந்தைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு மாவு விற்காது. இருந்தாலும் போட்டேன்.

கட்டில் ஏறியது, பீரோ ஏறியது, துணி மூட்டை ஏறியது. தம்பி உள்ளேயிருந்து கூப்பிட்டார்: "அக்கா, பெட்டிய ஆஃப் பண்ணு, அதான் பாக்கி."

"முடியாதுடா. ஆள் கீழ கீது."

"யாரு?"

"பக்கத்து வீடு."

"அய்யோ, அது காலி ரூம்க்கா!"

"டோக்கன் தொங்குது பாரு."

தம்பி பலகையைப் பார்த்தார். பிறகு என் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். பாவம், வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். "அண்ணே, வேன்காரன் கத்தறான். ஒரு நிமிசம் மேல வந்துடுங்களேன்" என்று கும்பிட்டார். பெரிய இன்ஜினியர், என்னைக் கும்பிடுகிறார். நான் இரண்டு கையையும் தூக்கி மாவைக் காட்டினேன்.

"தண்ணி ஊத்தட்டுமா?"

நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

தம்பி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. சாஃப்ட் வாயில் நின்ற தன் அப்பாவைப் போல வாசலில் நின்றுகொண்டிருந்தார், சாயங்காலம் வரைக்கும் நிற்பேன் என்பது மாதிரி.

கடைசியில் இன்வெர்ட்டரோடும் பாட்டரியோடும் சேர்த்து, வயரைப் பிடுங்காமல், பெட்டியை ஓட ஓடத் தூக்கினார்கள். முன்னால் தம்பி பெட்டியோடு, பின்னால் வேன் டிரைவரும் ஸ்டெல்லா அக்காவின் இளைய மகனும் இன்வெர்ட்டர் பாட்டரியோடு, நடுவில் வயரைப் பூமாலை மாதிரி ஏந்திக்கொண்டு டிரைவர் தாத்தா. "மெதுவா, மெதுவா, ஆள் கீது" என்று தாத்தா எல்லோரையும் அதட்டினார். பச்சை விளக்கு அணையவில்லை. அக்கா வேனின் பின்பக்கத்திலேயே, பெட்டிக்குப் பக்கத்தில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தம்பி முன்னால் வரச் சொன்னதற்கு, "பேங்களூர் வரைக்கும் யார் பாத்துக்கறது?" என்றார்.

வேன் உறுமியது. நான் மாவுக்கையோடு ஓடிப்போய் வேன் தகரத்தில் மூன்று தட்டு தட்டினேன்.

"யோவ், வண்டியெல்லாம் மாவு!" என்று வேன் டிரைவர் கத்தினார். "போலாமா, நிக்கணுமா? ஒழுங்கா சொல்லு!"

உள்ளேயிருந்து அக்கா திருப்பித் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"போலாம்ப்பா" என்று அவர் குரல் கேட்டது. "மெதுவாப் போ. ஆள் ஏறியிருக்கு."

வேன் லைன் முனையில் திரும்பும் வரை என் கைத்தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

மறுநாள் காலை பழக்கத்தில் சுவரில் இரண்டு தட்டிவிட்டு நின்றேன். பதில் வரவில்லை. கிரைண்டரைப் போடாமல் போனை எடுத்துத் திறந்தேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு வந்தது. என் பெயர், பச்சைப் புள்ளி, உள்ளே ஆள் உண்டு. அதற்குக் கீழே, முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது.

"கை காஞ்சிருந்தா மேல வா."

நான் போனை வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு கிரைண்டரில் அரிசியைப் போட்டேன்.